கார் போர்ச்சில் பழைய லேண்ட் ரோவர்: சீரிஸ் 3 வண்டியைப் பிரித்துப் பூட்டும் முறை

தோட்டத்துரைமார் ஓட்டிய வண்டி, ராணுவ முகாம்களில் நின்ற வண்டி, கேமரன் மலையில் இன்றும் காய்கறிக் கூடைகளோடு ஏறி இறங்கும் வண்டி என்று லேண்ட் ரோவர் மலேசியத் தமிழர் எல்லாருக்கும் பழக்கம். அதில் சீரிஸ் 3 என்ற வரிசை 1971 முதல் 1985 வரை தயாரானது. 88 அங்குல வீல்பேஸ் (முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) உள்ள குட்டை வண்டி சுமார் 3.6 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம்தான். கோலாலம்பூரின் சாதாரண வரிசை வீட்டுப் போர்ச்சில் அடங்கிவிடும். இங்கே சொல்வதெல்லாம் இந்தக் குட்டை வண்டிக்கும் அதன் 2.25 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கும் உரியவை.

முதலில் வரிசையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: பத்திரம், சேஸிஸ் (அடிச்சட்டம்), பல்க்ஹெட் (என்ஜினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே உள்ள சுவர்), அச்சும் பிரேக்கும், என்ஜின், வயரிங், பெயின்ட். வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) பெரிய டயரும் இவையெல்லாம் முடிந்த பிறகு. பெயின்டில் ஆரம்பித்தால் ஆறே மாதத்தில் அதைச் சுரண்டிவிட்டு வெல்டிங் வைக்க வேண்டிவரும். பிரேக் சரியாகாத வண்டிக்கு 32 அங்குல டயர் போடுவது ஆபத்து.

இரும்பைத் தொடும் முன் எண்ணைப் பாருங்கள்

சேஸிஸ் எண் முன்பக்கம் வலது ஸ்பிரிங் தொங்கும் இடத்தில், இரும்பிலேயே குத்தப்பட்டிருக்கும். பெரும்பாலும் பெயின்டுக்கும் துருவுக்கும் அடியில் மறைந்து கிடக்கும். கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துப் படித்து, கிராண்ட் என்ற பதிவுப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கிரைண்டர் வைத்தால் எழுத்தே போய்விடும். என்ஜின் எண் பிளாக்கில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் முன் முனைக்கு அருகே இருக்கும்.

இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. இந்த வண்டியில் முதலில் உளுத்துப்போகும் இடங்களில் அந்த முன் முனையும் ஒன்று. எண் உள்ள துண்டை வெட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டால், இது பதிவான அதே வண்டிதான் என்று நிரூபிக்க வழி இருக்காது. முன் முனையை மாற்ற வேண்டும், புது சேஸிஸ் போட வேண்டும், வேறு என்ஜின் ஏற்ற வேண்டும், நிறத்தை மாற்ற வேண்டும் என்றால் வேலை தொடங்கும் முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேளுங்கள். எதற்கு ஒப்புதல் வேண்டும், எதற்கு வாகனப் பரிசோதனை வேண்டும் என்பதை அவர்களே சொல்வார்கள். எண் தெளிவில்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

போர்ச்சைத் தயார் செய்வது

போர்ச் தரை பெரும்பாலும் டைல்ஸ். நான்கு ஸ்டாண்டில் வண்டியின் எடை நிற்கும்போது டைல்ஸ் விரிசல் விடும், ஸ்டாண்டும் சரியும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஓர் அடிச் சதுரத்துக்கு வையுங்கள். தண்ணீர் வடிவதற்காகப் போர்ச் வாசல் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதால், சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகே ஜாக்கியில் கை வையுங்கள்.

பெட்ரோல் டாங்க் வலது இருக்கைக்கு அடியில் இருக்கிறது. முதல் நாளே அதைக் காலி செய்து கழற்றி, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாக ஓடும். மாலையில் வாசலில் விளக்கேற்றி ஊதுபத்தி வைக்கும் வீடுகளில் இது பெரிய அபாயம். கார்பரேட்டரோ டாங்கோ திறந்திருக்கும் நாளில் விளக்கை உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

நட்டு போல்ட்டெல்லாம் பெரும்பாலும் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16, 3/4 ஸ்பேனர்கள்தான் அதிகம் வேலை செய்யும். 12 மி.மீ., 13 மி.மீ. ஸ்பேனரை வைத்துச் சமாளித்தால் தலை உருண்டுவிடும். சக்கர நட்டுக்கு 27 மி.மீ., ஹப் நட்டுக்கு 52 மி.மீ. பெட்டி ஸ்பேனர் வேண்டும். மலிவான ஸ்பேனர் செட்டில் இந்த 52 இருக்காது, தனியாக வாங்குங்கள். இறுகிய போல்ட்டுகளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். கழற்றிய ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனித்தனி ஜிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கழற்றும் முன் போன் கேமராவில் நான்கு கோணத்தில் படம் எடுங்கள்; ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

சேஸிஸ்

லேண்ட் ரோவர் அலுமினியம், அது துருப்பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். மேல் தகடுகள்தான் பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவை. சேஸிஸ், பல்க்ஹெட், கதவுச் சட்டம் எல்லாம் எஃகு. சேஸிஸ் பெட்டி வடிவில் உள்ளே வெற்றிடமாக இருப்பதால், தோட்டத்துச் செம்மண் உள்ளே புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும்.

உருண்டைத் தலைச் சுத்தியலால் அடிக்கு நாலு தட்டு வீதம் முழு நீளத்துக்கும் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், சுத்தியல் துள்ளும். உளுத்த இடம் சொத்தென்று சத்தம் தரும். பின் குறுக்குச் சட்டம், பல்க்ஹெட்டைத் தாங்கும் பக்கக் கைகள், டாங்க்கைத் தாங்கும் கை, ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், முன் முனைகள் ஆகியவற்றை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். தட்டும் முன் பழைய வடிகால் துளைகள் வழியாகக் குழாய்த் தண்ணீர் விட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை உள்ளிருக்கும் மண்ணைக் கழுவுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய வேண்டும்.

பழுதான இடத்தை, பளிச்சென்ற நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுங்கள். துருவின் மேல் தகடு ஒட்டி வெல்டிங் வைத்தால் இரண்டுக்கும் நடுவே ஈரம் நின்று, முன்னைவிட வேகமாகத் தின்னும். ஒட்டும் தகடு 2 மி.மீ., அதாவது பழைய சுவரின் அதே தடிமன் இருக்க வேண்டும். பலமாக இருக்கட்டும் என்று 5 மி.மீ. தகடு வைத்தால் அந்த இடம் வளையாது. வண்டி மேடுபள்ளத்தில் முறுகும்போது வெல்டிங்குக்குப் பக்கத்தில் உள்ள மெல்லிய இரும்பு வெடிக்கும். மிக் வெல்டிங்குக்கு 0.8 மி.மீ. கம்பியும் ஆர்கான் கலந்த கேஸும் ஏற்றவை. 25 மி.மீ. இடைவெளியில் புள்ளி வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறிச் சிறிது சிறிதாக நிரப்புங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் சேஸிஸ் கோணும். மின்விசிறி ஓடினாலும், மழைக்கு முன் வரும் காற்று அடித்தாலும் கேஸ் கலைந்து வெல்டிங் கடற்பஞ்சுபோல் துளை துளையாகும். தொடங்கும் முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள்.

பக்கக் கைகளை மாற்றும்போது ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டே அடுத்ததை வெட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் பல்க்ஹெட் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு அளவே இருக்காது. வெட்டும் முன் சேஸிஸின் மூலைவிட்ட அளவுகளை எடுத்துச் சுவரில் எழுதி வைத்து, ஒவ்வொரு வெல்டிங்குக்குப் பிறகும் சரிபாருங்கள்.

வெல்டிங் முடிந்ததும் வெளியே துத்தநாக பிரைமர், உள்ளே வெற்றிடத்தில் செலுத்தும் துருத் தடுப்பு மெழுகு. மெழுகை நீண்ட குழாய் முனையால் ஒவ்வொரு துளை வழியாகவும் செலுத்தி, வாரம் கழித்து மறுபடி ஒரு முறை செலுத்துங்கள். வடிகால் துளைகள் அடைந்துவிடாமல் கம்பியால் குத்திவிடுங்கள்.

முழு சேஸிஸையும் சூட்டுக் கால்வனைசிங் செய்வது, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது, இந்த ஊர் ஈரத்துக்கு மிகச் சிறந்த வழி. எல்லா வெல்டிங்கும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உருகிய துத்தநாகம் சுமார் 450 பாகை செல்சியஸ். மூடிய பெட்டிக்குள் சிறிது ஈரம் இருந்தாலும் நீராவியாகி வெடிக்கும் என்பதால், எங்கெல்லாம் காற்றுத் துளை வேண்டும் என்று ஆலையில் கேட்டுப் போட்டுக்கொண்டு போங்கள். கால்வனைஸ் செய்த இரும்பில் பிறகு வெல்டிங் வைக்க நேர்ந்தால் அந்த இடத்தின் துத்தநாகத்தை முதலில் கிரைண்டரால் நீக்குங்கள். அதன் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல்போல் நடுக்கும்.

பல்க்ஹெட்டும் அலுமினியமும்

கால் வைக்கும் குழியின் கீழ் மூலையும், கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே காற்றுக் கதவு இருக்கும் மேல் மூலையும் முதலில் போகும். கம்பளத்தைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்தினாலே தெரிந்துவிடும். கால் குழிக்கு 1.2 மி.மீ. தகடு போதும். தூணையும் வெட்ட வேண்டியிருந்தால், கதவு வாய்க்குக் குறுக்கே கோண இரும்பு ஒன்றைப் போல்ட்டு போட்டுப் பூட்டிய பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் கதவு மூடாது. அப்போது சரிசெய்ய வழியும் இருக்காது.

அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். பெயின்டுக்கு அடியில் கொப்புளம், அதைச் சுரண்டினால் வெள்ளைப் பொடி. கதவின் அடி விளிம்பிலும், மட்கார்டு பல்க்ஹெட்டில் சேரும் இடத்திலும் இது கட்டாயம் இருக்கும். பினாங்கில் கடலோரம் நிற்கும் வண்டிக்கு உப்புக் காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். பூட்டும்போது இரு உலோகங்களுக்கும் நடுவே டூராலாக் போன்ற பசையைத் தடவி, துத்தநாகம் பூசிய போல்ட்டுக்கு நைலான் வாஷர் போடுங்கள். நாள் பிடிக்கும் வேலைதான். ஆனால் பத்து ஆண்டுக்குப் பிறகு வண்டி எப்படி இருக்கும் என்பதை இந்த வாஷர்தான் தீர்மானிக்கும்.

முன் அச்சின் குண்டு

முன் சக்கரம் திரும்ப உதவும் குரோம் பூசிய அரைக்கோளத்தைச் சுவிவல் ஹவுசிங் என்பார்கள். துணியால் துடைத்து, நகத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் அந்தக் குழி எண்ணெய் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். புது சீல் மட்டும் போட்டால் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். குண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பூட்டும்போது இரண்டு அளவுகள் முக்கியம். முதலாவது சுவிவல் பின்னின் இறுக்கம். பெரிய எண்ணெய் சீலைப் போடாமல் வெறும் ஹவுசிங்கைப் பூட்டி, ஸ்டியரிங் கம்பி மாட்டும் துளையில் கொக்கித் தராசைக் கோத்து இழுங்கள். நகர ஆரம்பித்த பிறகு தராசு 5.4 முதல் 6.3 கிலோ காட்ட வேண்டும். மேல் பின்னுக்கு அடியில் உள்ள ஷிம்மை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். தளர்ந்திருந்தால் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கைக்குள் அடங்காமல் உதறும். அதிகம் இறுகினால் திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது. இரண்டாவது ஹப் பேரிங்கின் ஆட்டம்: டயல் கேஜில் 0.1 மி.மீ. பூட்டு வாஷரை மடித்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

ஒவ்வொரு குண்டுக்கும் அரை லிட்டர் இ.பி. 90 கியர் எண்ணெய். ஒழுகலை நிறுத்த வீல் பேரிங் கிரீஸைத் திணிப்பவர்கள் உண்டு. அது மேல் பின்னின் புஷ் வரை ஏறாது. புஷ் காய்ந்து தேயும்.

லீஃப் ஸ்பிரிங்கின் புஷ் போல்ட்டுகளை வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது கையால் மட்டும் முடுக்குங்கள். நான்கு சக்கரத்தில் நிறுத்தி, முழு எடையும் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஓட்டுநர் பக்கத்து ஸ்பிரிங்கும் மறுபக்கத்து ஸ்பிரிங்கும் ஒன்றல்ல. மாற்றிப் போட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

பிரேக்

பழைய பிரேக் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாதீர்கள்; ஈரத்துணியால் துடைத்துத் துணியோடு பையில் கட்டிவிடுங்கள். வீல் சிலிண்டர்களுக்கு ரப்பர் மட்டும் மாற்றுவது வீண். உள்ளே அரித்த சிலிண்டர் புது ரப்பரையும் தின்னும். முழுதாகவே மாற்றுங்கள். குழாய்களுக்கு 3/16 அங்குல செம்பு-நிக்கல் கம்பி நல்லது. வெறும் செம்பு வேண்டாம், அதிர்வில் இறுகி வெடிக்கும்.

டாட் 4 பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் சொல்லவே வேண்டாம். மூடி திறந்து கிடந்த பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். காற்றை வெளியேற்றும் முன் ஒவ்வொரு டிரம்மின் அட்ஜஸ்டரையும் ஷூ டிரம்மை இறுகப் பிடிக்கும்வரை திருகிவிடுங்கள். சிலிண்டருக்குள் இடம் குறைந்து காற்று எளிதில் வெளியேறும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடித்து, பிறகு அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். மிதி பஞ்சுபோல் அமுங்குகிறது என்று எழும் புகாரில் பெரும்பகுதி இதில் தீர்ந்துவிடும்.

என்ஜின்

பொறுமையான என்ஜின் இது. பிரிக்கும் முன் கம்ப்ரெஷன் பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. ஒன்று மட்டும் மிகவும் குறைந்திருந்தால் அதில் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஹெட்டைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. ஈயமில்லாத பெட்ரோல் பழைய சீட்டை மெல்லத் தின்னும். ரோன் 95 இந்த என்ஜினுக்குத் தாராளம். ஹெட்டின் பெரிய போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் 88 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள்.

டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் உறுப்புக்கும் இடையே உள்ள சந்து) எட்டு வால்வுக்கும் 0.25 மி.மீ. எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு போதும்: 8-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐப் பாருங்கள், 7 திறந்திருந்தால் 2, 6 என்றால் 3. இரண்டும் கூட்டினால் எப்போதும் 9. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.75 மி.மீ., எரியும் வரிசை 1-3-4-2.

ஜெனித் கார்பரேட்டர் உள்ள வண்டி கரும்புகை விட்டால் ஜெட்டைக் குடையும் முன் மேல் மூடியைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள். சூட்டில் அது வளைந்து பெட்ரோலைக் கசியவிடும். தடித்த கண்ணாடியில் 400 நம்பர் தாளை விரித்து எட்டு வடிவில் தேய்த்துச் சமன் செய்து, உள்ளே உள்ள ஓ ரிங்கையும் மாற்றுங்கள்.

ஜாலான் துன் ரசாக் நெரிசலில் சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள். ரேடியேட்டரின் பாதிக் குழாய் அடைந்திருப்பதுதான் வழக்கமான காரணம். சான் சௌ லின் வட்டாரப் பட்டறைகளில் புதுக் கோர் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டுக்கு அருகே ஓடினால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, வண்டி நின்ற இடத்தில் நின்றுவிடும். குழாயைத் தள்ளிக் கட்டுங்கள்.

எண்ணெய் அளவுகள்: என்ஜினுக்கு 6 லிட்டரும் ஃபில்டருக்கு 0.85 லிட்டரும், கியர்பாக்ஸ் 1.5, டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் 2.5, ஒவ்வொரு டிஃபரென்ஷியலுக்கும் 1.75 லிட்டர். கியர்பாக்ஸில் பித்தளை உறுப்புகள் இருப்பதால் ஜி.எல். 4 தரம் கேட்டு வாங்குங்கள்.

வயரிங்கும் பெயின்டும்

மின்கோளாறுகளில் பெரும்பகுதி எர்த் கோளாறு. அலுமினியத் தகடு வழியாக எர்த் ஓடினால் நம்ப முடியாது. விளக்குகளுக்கெல்லாம் தனி எர்த் கம்பி சேஸிஸுக்கு இழுங்கள். இரண்டு 60 வாட் முகப்பு விளக்கு 10 ஆம்பியர் இழுக்கும்; ரிலே வைத்து 2.5 சதுர மி.மீ. கம்பி போட்டால் சுவிட்சும் பிழைக்கும், வெளிச்சமும் கூடும்.

டூகே பெயின்டை (கடினப்படுத்தி கலந்து அடிக்கும் இரு பகுதிப் பெயின்ட்) வீட்டில் ஸ்ப்ரே செய்ய வேண்டாம். அதன் கடினப்படுத்தி நுரையீரலைக் கெடுக்கும். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர், அதன் மேல் எனாமல். நுரை ரோலரால் மெல்லிய நான்கு பூச்சு இந்த வண்டிக்கு அழகாகவே இருக்கும். காலை 10 மணிக்குப் பிறகு தொடங்கி, பிற்பகல் மழை கட்டும் முன் முடித்துவிடுங்கள்.

காட்டுப் பாதைக்கான மாற்றங்கள்

முதல் மாற்றம் மிக மலிவானது: அச்சின் மூச்சுக் குழாய். ஓடிச் சூடான அச்சு ஆற்றில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இரண்டு அச்சிலிருந்தும் ரப்பர் குழாயை பல்க்ஹெட் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். கிளட்ச் அறைக்கு அடியில் உள்ள துளைக்கு ஆற்றைக் கடக்கும்போது மட்டும் திருகு மூடி போட்டு, கரையேறியதும் கழற்றுங்கள். மூடியபடியே ஓட்டினால் கசியும் எண்ணெய் தேங்கி கிளட்சை நனைக்கும்.

டயர் 6.00-16 இலிருந்து 7.50-16 ஆனால் விட்டம் சுமார் 10 சதவீதம் கூடும். மேட்டில் இழுவை அதே அளவு குறையும், ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். பின் அச்சின் பழைய 10 பல் ஹாஃப் ஷாஃப்ட் (டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) இந்த டயரோடு சேற்றில் துள்ளினால் முறியும். 24 பல் செட்டுக்கு மாறிவிடுங்கள். பாராபோலிக் ஸ்பிரிங் (குறைந்த தகடுகள் உள்ள மென்மையான லீஃப் ஸ்பிரிங்) போட்டால் பிரேக் ஹோஸும் ஷாக் அப்சார்பரும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும். உயரத்தைக் கூட்டும் எந்த வேலைக்கும் முன்னதாகவே ஒப்புதல் கேட்டுவிடுங்கள்.

வின்ச்சின் இழுவிசை வண்டி எடையைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். 8,000 பவுண்டு தாராளம். முழு இழுவையில் அது நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். பழைய லூக்காஸ் ஆல்டர்னேட்டர் 34 ஆம்பியர்தான் தரும் என்பதால் நல்ல பேட்டரியும் பெரிய ஆல்டர்னேட்டரும் முதலில் வாங்குங்கள். கொக்கியைச் சேஸிஸில் பூட்டுங்கள், பம்பரில் வேண்டாம்.

முதல் 500 கிலோமீட்டர்

80 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை 100 முதல் 115 நியூட்டன் மீட்டருக்கு மறுபடி முடுக்குங்கள். ஸ்பிரிங்கின் யூ போல்ட்டுகளையும் பாருங்கள். வண்டியை நிறுத்தியதும் நான்கு ஹப்பிலும் கை வையுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது ஷூ உரசுகிறது. 500 கிலோமீட்டரில் என்ஜின் எண்ணெயை மாற்றி, டாப்பெட்டை மறுபடி அளந்து பாருங்கள். ஆற்றில் இறங்கிய வண்டியானால் மறுநாள் காலை, வண்டியை நகர்த்தும் முன், டிஃபரென்ஷியலின் அடித் திருகைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் இரவில் அடியில் தங்கி, எண்ணெய்க்கு முன்னால் அதுதான் சொட்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.